கருணையில்லாத பக்தி யாருக்கு லாபம்?

(ஏனாத்தூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலியைப் பற்றியும் மனைப்பட்டாவைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. டீக்கடையில் காதோடு காதாகப் பேசப்பட்டு, பேசி முடித்ததும் சிரிக்கப்படுகிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆணை நேசிக்கிற ஆண், பெண்ணை நேசிக்கிற பெண், இவர்களைப் பற்றியும், கடவுளின் பேரைச் சொல்லி இவர்களுக்கு இழைக்கப்படுகிற கொடுமையைப் பற்றியும் பேசப்போகிறோம். சிரிக்கிற தோழர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம், காத்திருக்கிறோம்.

"அது பட்டணத்துப் பணக்காரன் வீட்டுச் சமாசாரம், கழனிக்குப் போகிறவன் வீட்டில் அது ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறோம். 2025 மே 22-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் ஒரு தீர்ப்பு அளித்தார்கள். வேலூர் மாவட்டப் போலீசார் சம்பந்தப்பட்ட ஆட்கொணர்வு வழக்கு அது. 25 வயதுப் பெண் ஒருத்தி. அவளை நேசித்த இன்னொரு பெண் கோர்ட்டுக்கு வந்து, "அவளை வீட்டில் அடைத்துவைத்திருக்கிறார்கள், மீட்டுத் தாருங்கள்" என்று கேட்டாள். நீதிபதிகள் அந்த 25 வயதுப் பெண்ணையே அழைத்து விசாரித்தார்கள். தன்னைப் பலவந்தமாக வீட்டுக்கு இழுத்துப் போனதாகவும், அடித்ததாகவும், "சரியாக" ஆக்குவதற்கென்று சில சடங்குகளுக்கு உட்படுத்தியதாகவும் அவள் சொன்னாள்.

சடங்கு என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மந்திரித்த கயிறு, வேப்பிலை, சாட்டை, கண்ணில் எலுமிச்சம்பழச் சாறு, மூச்சு முட்டும் மிளகாய்ப் புகை. பேய் பிடித்ததாகச் சொல்லி நம் வீட்டுப் பெண்களை இந்த ஜில்லாவிலேயே எத்தனை கோயில் வாசல்களில் முடியைப் பிடித்து ஆட்டுகிறார்கள்! பணக்காரன் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் விமான டிக்கெட் எடுத்து வேறு தேசத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வான். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? பூசாரியிடம்தான் போகும், இல்லாவிட்டால் மூன்றே வாரத்தில் முடிவு செய்த கல்யாணத்துக்குப் போகும். அந்தக் கல்யாணத்தில் ஏதுமறியாத இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும். ஆகவே இது நம் வீட்டுச் சமாசாரம்தான், தோழர்களே!

வேலூர் வழக்கின் தீர்ப்பு என்ன? அந்தப் பெண் தன் விருப்பப்படி தன் தோழியோடு போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாது, போலீசார் பாதுகாப்புத் தர வேண்டும் என்பது. குடும்பம் உண்டாவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். முதலில் உதவி கேட்டபோது அவளை வீட்டாரிடமே ஒப்படைத்த போலீசாரைக் கண்டிக்கவும் செய்தார்கள்.

அதற்கு நான்கு வருஷம் முந்தியது இன்னொரு வழக்கு. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்குத் தப்பி வந்தார்கள். பெற்றோர் "காணவில்லை" என்று புகார் கொடுக்க, போலீசார் வீடு தேடி வந்து விசாரிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மனநல நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான், 2021 ஜூன் 7-ந் தேதி, தீர்ப்பு எழுதினார். ஹைகோர்ட் நீதிபதி பாடம் கேட்கத் தயாராக இருந்தார். தெருமுனையில் நின்று சாபம் விடுகிற உபதேசிகளுக்குத்தான் கற்றுக்கொள்ள எதுவும் பாக்கியில்லை போலிருக்கிறது!

அந்த இரு வீட்டுப் பெற்றோர்களையும் நாம் பகைவர்களாகக் கருதவில்லை. அவர்களுக்கு இருந்தது பயம். நாலு பேர் என்ன சொல்வார்கள், நாளைக்கு எந்த முகத்தோடு நல்லது கெட்டதுக்குப் போவது என்கிற பயம். இந்தப் பயத்தை யார் உண்டாக்கினார்கள் என்பதுதான் நமது கேள்வி.

"மதம் சொல்கிறது, பாவம்" என்கிறார்கள். எந்த மதம்? 2009 ஜூலை 2-ல் டில்லி ஹைகோர்ட்டில் நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும், வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் நடத்தும் வாழ்க்கையை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின்படி குற்றமாக்குவது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். உடனே சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனவர்களின் பட்டியலைப் பாருங்கள். முதலில் ஒரு ஜோசியர். பிறகு சனாதன தர்மப் பிரதிநிதி சபா. அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம். அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பு. உத்கல் கிறிஸ்தவ கவுன்சில். "கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா" என்று ஒரு கட்சி. மனுவாதிக்குப் புரட்சிக்காரன் என்று பட்டம்! கோயிலா மசூதியா என்று தேசத்தை இரண்டாகக் கிழித்துக் கொண்டிருந்த காலத்தில் ஒரே வழக்கில் ஒரே பக்கத்தில் இத்தனை பேர் தோளோடு தோள் நின்றார்கள். குறைந்தபட்சக் கூலி கொடுக்காத முதலாளிகள்மேல் இப்படி எல்லா மதத்தாரும் கூட்டாக ஒரு வழக்குப் போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

2013 டிசம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அதைத் திருப்பி, 377-ன் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

அந்த 377 எங்கிருந்து வந்தது? வேதத்திலிருந்தா? ஆகமத்திலிருந்தா? மெக்காலே துரை போட்ட நகலிலிருந்து 1860-ல் வெள்ளைக்கார சர்க்கார் இயற்றிய சட்டம் அது. அதற்கு மூலம் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1533-ல் போட்ட சட்டம். நம் கழுத்தில் மாட்டிய அதே நுகத்தடியை இலங்கை, மலேயா, சிங்கப்பூர் என்று நம் தமிழ்க் கூலிகள் கப்பலேறிப் போன இடமெல்லாம் கொண்டுபோய் மாட்டினார்கள். துரைமார்கள் தங்கள் சொந்த வீட்டில் 1967-ல் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நமது "பாரதப் பண்பாட்டுக் காவலர்கள்" அதற்குப் பிறகும் 51 வருஷம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பண்பாடு, பண்பாடு என்று கூவினார்கள். சிங்கப்பூரில் 2022-ல் பாராளுமன்றம் ரத்து செய்தது. இலங்கைச் சட்டப் புத்தகத்தில் 1883-ல் ஏறியது இன்னும் இறங்கவில்லை.

இப்படிச் சொல்வதால், வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே எல்லாம் தங்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. மனு சும்மா இருப்பாரா? அவரும் தண்டனை எழுதித்தான் வைத்தார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஓர் இருபிறப்பாளன் ஆணோடு சேர்ந்தால் உடுத்திய துணியோடு தலை முழுகினால் போதும் என்று ஓரிடத்தில் பரிகாரம் சொல்கிறார். ஆனால், சூத்திரன் மேல்சாதிப் பெண்ணைத் தொட்டாலோ அங்கத்தை அறு, உயிரை எடு என்கிறார். மனுவின் உண்மையான ஆத்திரம் எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது. சாதிக்குள்ளேயே கல்யாணம், அப்பன் சொத்து மகனுக்கு, பெண் ஒரு கையிலிருந்து மறு கைக்கு — இந்த ஏற்பாட்டில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அவர்களுக்குப் பொறுக்காது. 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் பட்டப்பகலில் அரிவாள் எடுத்தார்களே, சாதி மாறிக் கல்யாணம் செய்த ஜோடியின்மேல்! அந்தப் பெண்ணும் பையனும் ஆணும் பெண்ணும்தானே? அவர்களை மட்டும் வாழ விட்டார்களா?

உத்திரமேரூரில் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்களெல்லாம் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை முறை, ஜனநாயகத்தின் தொட்டில் என்று பெருமைப்படுகிறோம், படலாம். ஆனால் குடத்தில் யார் பேர் போடலாம் என்றும் அதே சுவரில் எழுதியிருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் ஓதியிருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். அப்புறம் யார் யார் மகாபாதகம் செய்தவர்கள் என்று ஒரு நீண்ட விலக்கு. நமது பாட்டன் பூட்டன்மாரில் யார் பேர் அந்தக் குடத்தில் விழுந்திருக்கும்? ஊருக்கு யார் தகுந்தவர், யார் தகாதவர் என்று தரம் பிரித்துச் சுவரில் வெட்டுகிறவர்களின் கையில் அடிபட்டவர்கள் நாம். இன்னொருத்தரை அதே மாதிரி தரம் பிரிக்கச் சொல்லி நம்மிடமே உளி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா?

கிறிஸ்தவத் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். உங்கள் உபதேசியார் லேவியராகமத்தின் 18-ம் அதிகாரத்தையும் 20-ம் அதிகாரத்தையும் எடுத்து இந்த ஜனங்களைச் சபிப்பார். நடுவில் 19-ம் அதிகாரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்போதாவது வாசித்தாரா என்று கேளுங்கள். கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரைகூட உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்று அதில் கட்டளை இருக்கிறது. வயல் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு என்று இருக்கிறது. அதே புத்தகம், அதே கடவுள், அதே கட்டளை! முன்னாலும் பின்னாலும் இருக்கிற வசனம் இடி முழக்கமாக வருகிறது. நடுவில் இருக்கிற கூலி வசனம் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. வேர்வை காயுமுன் கூலி கொடு என்பது இஸ்லாத்திலும் உண்டு. எந்த முதலாளியையாவது இதற்காகப் பள்ளிவாசலிலோ சர்ச்சிலோ கோயிலிலோ விலக்கி வைத்தார்களா?

நம்பிக்கையுள்ள ஜனங்களைப் பரிகசிக்க நாம் வரவில்லை. மதத்தைப் பற்றி மார்க்ஸ் 1844-ல் எழுதியதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நம்மைத் தூற்றுகிறவர்கள் உண்டு. துன்பப்படுகிறவன் சாமி முன்னால் அழுவதை மார்க்ஸ் கேலி செய்யவில்லை. அவனை அழவைக்கிற உலகத்தைத்தான் அவர் மாற்றச் சொன்னார். நம் ஜனங்களின் பக்தியில் மடாதிபதிகளிடம் இல்லாத ஒரு தாராளம் இருக்கிறது. பாரதக்கூத்தில் விடிய விடியப் பாஞ்சாலி வேஷம் கட்டி ஆடுவது ஓர் ஆண். அந்த வேஷத்தின் காலில் விழுந்து பிள்ளையைக் கொடுத்து ஆசீர்வாதம் வாங்காத தாய்மார் இந்தப் பக்கத்தில் உண்டா? அர்ச்சுனன் பிருகன்னளையாக நிற்கும்போது யாராவது எழுந்து போனார்களா? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கே பிரம்மோற்சவத்தில் மோகினி அலங்காரம் நடக்கிறது, கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா. களப்பலியாகப் போகிற அரவானுக்கு மனைவியாகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள். நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும், குடியானவர்கள், கூலிக்காரர்கள், வளையல் போட்டுத் தாலி கட்டிக்கொள்வதுண்டு. திருநங்கைகளின் விஷயமும், இன்று நாம் பேசுகிற ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண் விஷயமும் ஒன்றல்ல. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் கோயிலில் ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டு, மீதி வருஷம் முழுவதும் தெருவில் கல்லெடுத்து அடிக்கிற இரண்டு நாக்குப் பக்தி இரு தரப்பாருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது.

கருணை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளத் தமிழன் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1867-ல் வடலூரில் ராமலிங்க அடிகள் தர்மசாலை திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியில் உட்காருகிறவனிடம் என்ன சாதி என்று கேட்கக் கூடாது என்பதுதான் அந்த அடுப்பின் தர்மம். பசித்தவன் என்பது ஒன்றே போதும். அவருடைய பாடல்களை அருட்பா அல்ல மருட்பா என்று கோர்ட்டுவரை இழுத்தவர்களும் பெரிய பெரிய பக்திமான்களே! ஜீவகாருண்யம் பேசி உண்டியல் வைக்கிற மடங்கள் எத்தனையோ இருக்கின்றன. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஒரு வேளை சோறும் ஒரு பாயும் கொடுக்க அவற்றில் எத்தனை கதவு திறக்கும்?

இது வியாதி என்கிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே வியாதிப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று மருந்தோ, மின்சார அதிர்ச்சியோ கொடுக்கிற டாக்டர் தொழில் ஒழுங்கை மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எழுதிவிட்டது. அப்படி யாராவது பணம் பிடுங்கினால் மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

2023-ல் ஒரே பாலினத்தார் கல்யாண வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்தபோது, மத்திய சர்க்கார் ஒரு மனுப் போட்டது. இது நகரத்து மேட்டுக்குடிக்காரர்களின் எண்ணம் என்று அதில் சொன்னார்கள். கல்யாண உரிமையை அந்த வருஷம் அக்டோபர் 17-ல் கோர்ட்டும் தரவில்லை. யார் மேட்டுக்குடியைப் பற்றிப் பேசுகிறார்கள் பாருங்கள்! நம் ஜில்லா சுங்குவார்சத்திரத்தில் 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது இந்த மேட்டுக்குடி விரோதிகள் யார் பக்கம் நின்றார்கள்? வேலூர் வழக்குப் பெண்ணின் முதுகில் விழுந்த அடி மேட்டுக்குடி அடியா?

ஆலைத் தோழர்களுக்கு இன்னொரு சரித்திரம் சொல்கிறோம். 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை, ஒரு வருஷம், பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்கள் தாட்சர் சர்க்காரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் நிதியைக் கோர்ட் முடக்கியது. அடுப்பு எரியவில்லை. அப்போது லண்டனில் இந்தத் தன்பாலினத்தவர்கள் ஒரு குழு அமைத்து வாளி ஏந்தித் தெருத்தெருவாக வசூல் செய்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் மார்க் ஆஷ்டன். பிரிட்டிஷ் இளம் கம்யூனிஸ்ட் கழகத்தைச் சேர்ந்த வாலிபர். 1984 டிசம்பர் 10-ந் தேதி நடத்திய ஒரே ஒரு கலை நிகழ்ச்சியில் 5,650 பவுன் திரட்டினார்கள். பணம் தெற்கு வேல்ஸில் டுலைஸ் பள்ளத்தாக்குக்குப் போனது.

அது பட்டணமல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற சுரங்கக் கிராமங்கள். லண்டனிலிருந்து இவர்கள் வேனில் வந்து இறங்கியபோது அங்கேயும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் பசித்த வயிற்றுக்கு யார் கை நீட்டினார்கள் என்பது அந்த ஜனங்களுக்குத் தெரியும். அவர்களைத் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. இருந்தும் 1985 ஜூனில் லண்டனில் தன்பாலினத்தவர்கள் ஊர்வலம் நடத்தியபோது, அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் முன்வரிசையில் நடந்தார்கள். அந்த வருஷமே லேபர் கட்சி மாநாட்டில் இவர்கள் உரிமைக்கான தீர்மானம் நிறைவேறச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ஓட்டுகள் துணை நின்றன. மார்க் ஆஷ்டன் 1987-ல், 26 வயதில் இறந்துபோனார்.

சோஷலிஸ்ட் நாடுகளில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள், மறைக்க வேண்டியதில்லை. ஜார் காலத்துத் தடையை 1922-ம் வருஷத்துச் சோவியத் சட்டம் விட்டுவிட்டது. 1934-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கியூபாவில் 1960-களில் இவர்களை முகாம்களில் அடைத்தார்கள்; அதற்குப் பொறுப்பு தன்னுடையது என்று 2010-ல் ஃபிடல் காஸ்ட்ரோ சொன்னார். 2022 செப்டம்பர் 25-ல் அதே கியூபாவில் புதிய குடும்பச் சட்டத்தைத் தெருவுக்குத் தெரு விவாதித்து, சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் நிறைவேற்றினார்கள். இரு ஆண்களோ இரு பெண்களோ கல்யாணம் செய்துகொள்ள அதில் இடமிருக்கிறது. அங்கேயும் சர்ச்சுகள் எதிர்த்தன.

கோர்ட்டை நம்பிக் கைகட்டி உட்காருங்கள் என்று நாம் சொல்லவில்லை. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் பண்ணையார்கள் அப்பீலில் எப்படி வெளியே வந்தார்கள் என்பதை மறந்தவர்கள் இங்கே இல்லை. 2009-ல் கொடுத்ததை 2013-ல் பிடுங்கவும் கோர்ட்டால் முடிந்தது. ஆனால் கையில் கிடைத்திருக்கிற சட்டத்தை உபயோகிக்காமல் விடுவதும் புத்திசாலித்தனமல்ல.

ஆகவே நடைமுறைக்கு வருவோம். வயது வந்த இரண்டு பெண்களோ ஆண்களோ வீட்டை விட்டுப் போய், "காணவில்லை" என்று புகார் வந்தால், விசாரித்து, அவர்கள் தங்கள் இஷ்டப்படிதான் போயிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் போலீசார் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும். தொந்தரவு செய்யக் கூடாது. 2021 ஜூன் 7 தீர்ப்பில் இது இருக்கிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்திருக்கிறது. இந்த ஜனங்களைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. ஸ்டேஷனுக்குப் போகிற கிளைச் செயலாளர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

ஷிப்டில் ஒரு பையனைப் பட்டப்பேர் சொல்லி நாலுபேர் சேர்ந்து ஓட்டினால், சங்கத்துக்காரன் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சூப்பர்வைசர் அதையே சாக்காக வைத்து அவனை வேலையிலிருந்து நீக்கினால், அது சங்கத்தின் பிரச்னை. மற்ற வேலைநீக்கங்களைப் போலவே அதையும் எடுத்து நடத்த வேண்டும். நாற்றங்காலில் ஒரு பெண் கல்யாணம் வேண்டாம் என்று அழுதால், "எல்லாம் சரியாப் போயிடும்" என்று தாய்மார்கள் அவசரப்பட்டு நாள் குறிக்க வேண்டாம்; ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். மாதர் சங்கத் தோழர்கள் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய்த் தகப்பனாரிடமும் பேச வேண்டும். அதட்டிப் பேச வேண்டாம்; அவரும் நம் ஆள்தான், அவர் பயமும் நமக்குத் தெரிந்த பயம்தான்.

2021, 2025 தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். கிளைக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போகிறோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் அதை உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.